நடு மண்டையில் ஒரு வரப்பு

மும்பை தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. பள்ளிச் சீருடை தைக்கிறோம். நான் கட்டிங் மாஸ்டர். ஊரைவிட்டு வந்த இருபது வருஷத்தில் இஞ்ச் டேப் என் கழுத்தைவிட்டு இறங்கிய நாட்களை எண்ணிவிடலாம். ஆளைப் பார்த்தே தோள் எத்தனை, மார்பு எத்தனை என்று சொல்லிவிடுவேன் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. அந்தத் திமிரோடுதான் என் மகனின் தலையை மூன்று மாதம் வாராவாரம் அளந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சின்னவன் பிறந்தது 2022 ஜூலையில். நல்ல மழை. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோதே தலை நீளமாக இருந்தது. பப்பாளியைப் படுக்கப் போட்ட மாதிரி. "வர்ற வழியில நெருங்கி வந்திருக்கான், பத்து நாள்ல சரியாயிடும்" என்றார் நர்ஸ். அது பொய்யில்லை. பிறக்கும் குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. தனித்தனி வில்லைகளாக இருக்கும். பிரசவ வழியின் நெருக்கத்தில் அவை ஒன்றின் விளிம்பு மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், சில நாளில் இறங்கிவிடும். மூத்தவளுக்கு அப்படித்தான் ஆனது. ஒரு வாரத்தில் தலை உருண்டையாகிவிட்டது. சின்னவனுக்கு ஒரு மாதம் ஆகியும் நீளம் போகவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட வரும் மாலிஷ்வாலி, இங்கே யாருக்கும் தலையை உருட்டத் தெரியவில்லை என்றாள். எதிர் வீட்டு மராத்தி அம்மா கடுகுத் தலையணை போடச் சொன்னார். இந்த ஊரில் அது பெரிய நம்பிக்கை. மெல்லிய துணிப்பையில் கடுகை நிரப்பிப் பிள்ளையின் தலைக்கடியில் வைத்தால், தலை அசைய அசையக் கடுகும் நகர்ந்து கொடுத்து மண்டை உருண்டு வரும் என்பார்கள். இதை வெளியே வாங்குவானேன்? அரை கிலோ கடுகு வாங்கி, மல்மல் துணியில், கடுகு கசியாமல் இரட்டைத் தையல் போட்டு நானே தைத்தேன். ஓரத்துக்கு நீலப் பைப்பிங் வேறு. (கைக்குழந்தைக்குத் தலையணையே ஆகாது, மூச்சு முட்டும் ஆபத்து உண்டு என்று பிற்பாடு ஒரு டாக்டர் திட்டியபோது, அந்தப் பைப்பிங்தான் என் கண்முன் வந்தது.)

அம்மா கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கினாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது அவள் பொறுப்பு. எங்கள் வீடு ஒரே அறை, மூலையில் மோரி, அதாவது குளிக்க, கழுவ ஒதுக்கிய இடம். அதில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி, உச்சிக்குழியில் எண்ணெய் வைத்து, பிறகு தலையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து உருட்டுவாள். நான் வாசலில் நின்று, "எலும்பு என்னம்மா, சப்பாத்தி மாவா? உருட்டினா உருண்டையாகுமா?" என்று கேலி செய்வேன்.

இரண்டாவது மாதம் இருக்கும். ஒருநாள் குளிப்பாட்டிக்கொண்டே கையை நிறுத்தினாள்.

"ஏலே, இங்க வா. நடு மண்டையில வரப்பு கணக்கா ஓடுதே, தொட்டுப் பாத்தியா?"

"எலும்புதாம்மா. எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும்."

"எனக்குத் தெரியாதாக்கும்? ஒன்னைய குளிப்பாட்டலையா, ஒந்தங்கச்சிய குளிப்பாட்டலையா. மத்த பிள்ளையளுக்கு அந்த எடம் பள்ளமா, மெதுவா இருக்கும்லா. இவனுக்கு மேடா இருக்கு. உச்சிக்குழியும் சின்னதாக் கெடக்கு."

நான் தொட்டுப் பார்த்தேன். முன் உச்சியிலிருந்து பின்பக்கம் வரை நெடுக ஒரு முகடு. கயிற்றை வைத்து மேலே தோலைப் போர்த்தியது போல. பார்த்துவிட்டு நான் செய்த காரியம், கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் தலையைச் சுற்றி அளந்ததுதான். அளவு, தடுப்பூசிக் கிளினிக்கில் கொடுத்திருந்த வளர்ச்சி அட்டையின் நடுக்கோட்டில் அழகாக உட்கார்ந்தது. அட்டையை அம்மாவிடம் காட்டினேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. பிள்ளையைத் துவட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிளினிக்கிலும் அதே கதைதான். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், இரண்டு ஊசிக்குப் போனபோதும் டாக்டர் டேப்பால் ஒரு சுற்று சுற்றினார், எழுதினார், "சுற்றளவு நார்மல்" என்றார். நீளமாக இருக்கிறதே என்று என் மனைவி கேட்டதற்கு, "மல்லாக்கவே போட்டா அப்படித்தான், பக்கவாட்டில் மாற்றி மாற்றிப் படுக்க வையுங்கள்" என்றார்.

அவரை முழுதாகக் குறை சொல்லவும் மனசில்லை. 1994இல் அமெரிக்காவில், குழந்தைகளை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும் என்று பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தைச் சாவுகள் பாதியாகக் குறைந்தன. கூடவே பின்மண்டை தட்டையான குழந்தைகள் பெருகின. அந்தத் தட்டை ஒன்றும் செய்யாது, பெரும்பாலும் தானே சரியாகிவிடும். டாக்டர்கள் நாள்தோறும் அதைப் பார்த்துப் பார்த்து, கோணலான தலை என்றாலே படுக்கைதான் காரணம் என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்தால் போதும். மல்லாக்கப் படுத்தால் தலை பின்னால் தட்டையாகி அகலமாகும். என் மகனுக்கு அகலம் குறைந்து நீளம் கூடியிருந்தது. படுக்கை செய்கிற வேலைக்கு நேர் எதிர். பக்கவாட்டில் படுக்க வைத்தால் குறுகல் இன்னும் கூடத்தான் செய்யும். இது எனக்கு உறைத்தது எல்லாம் முடிந்த பிறகு, ஒருநாள் சயானில் ரயிலுக்கு நிற்கும்போது.

இன்னொன்று உறைத்திருக்க வேண்டும். என் தொழிலே அதுதான். 38 மார்பு என்றால் எல்லாருக்கும் ஒரே உடம்பா? ஒருவன் முன்னே புடைத்திருப்பான், ஒருவன் பக்கவாட்டில் பரந்திருப்பான். டேப் சுற்றளவைச் சொல்லும், உருவத்தைச் சொல்லாது. தலை குறுகி நீளும்போது சுற்றளவு குறைய வேண்டியதில்லை. சில குழந்தைகளுக்கு அதிகமாகவே இருக்கும். நான் வாராவாரம் அளந்த விதத்தில் தப்பில்லை, எதை அளந்தேன் என்பதில்தான் தப்பு.

பதினான்காவது வார ஊசிக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம், கிளினிக் மூடியிருந்ததால். தற்செயல்தான். அங்கே பயிற்சியில் இருந்த ஒரு சின்னப் பெண் டாக்டர். டேப்பைத் தொடவில்லை. குழந்தையை மேசையில் கிடத்தி, தலைமாட்டில் நின்று, மேலிருந்து பார்த்தார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் முன் உச்சியிலிருந்து பின்பக்கம் வரை மெதுவாக நீவினார். அம்மா மோரியில் உட்கார்ந்து நீவிய அதே இடம். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். அவரும் நீவிப் பார்த்துவிட்டு, "ஹட்டி ஜல்தி ஜுட் கயீ ஹை" என்றார். எலும்பு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. பரேலுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மண்டையோட்டு வில்லைகளுக்கு இடையே உள்ள இணைப்புகளை டாக்டர்கள் சூச்சர் என்கிறார்கள். தையல் என்றுதான் அர்த்தமாம். நார் போன்ற திசுவால் வில்லைகள் பிணைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே மூளை வளர வளர, அந்தத் தையலோரத்தில் புது எலும்பு சேர்ந்து மண்டை விரிந்துகொடுக்கும். பிறக்கும்போது சுமார் 350 கிராம் இருக்கும் மூளை ஒரே வருஷத்தில் இரண்டரை மடங்காகிறது. அதற்கு இடம்விடத்தான் தையல் திறந்திருக்கிறது. நெற்றி நடுவே ஓடும் தையல் மட்டும் மூன்று மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் மூடிக்கொள்ளும், அது இயல்பு. மற்றவை வாலிபம் வந்தபின்தான் மெல்ல மெல்ல ஒட்டும். சின்னவனுக்கு உச்சியிலிருந்து பின்பக்கம் ஓடும் நடுத்தையல், சஜைட்டல் சூச்சர், பிறக்கும் முன்பே ஒட்டியிருந்தது. இந்த வியாதிக்குப் பெயர் கிரேனியோசினோஸ்டோசிஸ். வாயில் நுழையப் பத்து நாள் ஆயிற்று.

எனக்குப் புரிந்தது பட்டறை வழியாகத்தான். பையன்கள் சட்டைக்கு முதுகு நடுவில் ஒரு பெட்டி மடிப்பு வைப்போம். கையை முன்னே நீட்டினால் அது விரிந்து அகலம் கொடுக்கும். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அந்த மடிப்பை மேலிருந்து கீழ்வரை ஓட்டித் தைத்துவிட்டான், நாற்பது சட்டைக்கு. அளவெல்லாம் சரி. போட்டால் முதுகு விரியாது, துணி வேறெங்கோ இழுத்துக்கொண்டு கிளம்பும். மண்டையிலும் அதேதான். மூடிய தையலுக்குக் குறுக்கே வளர்ச்சி நின்றுவிடும். மூளை சும்மா இருக்குமா, திறந்திருக்கும் தையல்களைத் தள்ளும். நெற்றி முன்னே புடைக்கும், பின்மண்டை பின்னே நீளும். 1851லேயே ருடால்ஃப் விர்ஹோ என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த விதியை எழுதிவைத்துவிட்டார். எந்தத் தையல் மூடியது என்று தலையின் உருவத்தை வைத்தே சொல்லிவிடலாம். நெற்றித் தையல் முன்கூட்டி மூடினால் நெற்றி முக்கோணமாகும். காதுப்பக்கம் இறங்கும் தையல் ஒரு பக்கம் மட்டும் மூடினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகிக் கண் மேலே தூக்கிக்கொள்ளும்.

சயானிலிருந்து பரேல் மூன்றாவது ஸ்டேஷன். இறங்கினால் எங்கே பார்த்தாலும் ஆஸ்பத்திரிதான். டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஓரத்து நடைபாதையில் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து படுத்திருப்பவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களைப் பார்த்த பிறகு நம் கவலையைப் பெரிதாகப் பேச வாய் வராது.

சர்ஜன் எங்கள் பையனின் தலையை முதலில் பார்க்கவில்லை. கைவிரல்களைப் பிரித்துப் பார்த்தார். பிறகு கால்விரல்கள். பிறகு கண். தலை எங்கே, விரல் எங்கே என்று எனக்குக் குழப்பம். ஏப்பர்ட் என்றொரு வகை இருக்கிறதாம். அதில் மண்டைத் தையலோடு விரல்களும் ஒட்டியிருக்கும். க்ரூசான் என்ற வகையில் கண் வெளியே துருத்தும். அவை மரபணுவில் வரும் மாற்றங்கள், பல தையல்கள் மூடும், வாழ்நாள் முழுக்கச் சிகிச்சை. இவனுக்கு அப்படி ஏதும் இல்லை, ஒற்றைத் தையல்தான் என்றார். சுமார் 2000 முதல் 2500 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஒரு தையல் இப்படி மூடுகிறது. அதில் கிட்டத்தட்ட பாதி இந்த நடுத்தையல். ஆண் குழந்தைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம்.

என் மனைவி அதுவரை பேசவில்லை. அப்போதுதான் கேட்டாள்: "நாங்க சொந்தத்துல கட்டினவங்க. அதனாலயா?" அவள் என் மாமன் மகள். இந்தக் கேள்வியை அவள் எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதிலும் கல்யாணத்துக்கு முன்னால் முணுமுணுத்தவர்கள் எங்கள் வீட்டில் சிலர் உண்டு. சர்ஜன் பொறுமையாகச் சொன்னார். ஏப்பர்ட் மாதிரியான வகைகள்கூடப் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுப் பிரதி மாறினாலே வருபவை, பல சமயம் அந்தக் குழந்தையில் புதிதாகத் தோன்றுபவை. சொந்தத்தில் கட்டினால் கூடுவது வேறு ரக வியாதிகள். ஒற்றைத் தையல் மூடலுக்குப் பெரும்பாலும் தெளிவான காரணம் எதுவும் அகப்படுவதில்லை. நீங்கள் சாப்பிட்டதும் காரணமில்லை, படுத்ததும் காரணமில்லை. அவள் அழுதாள். வெளியே வந்து வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு தின்றாள்.

சிடி ஸ்கேனுக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. பால் கொடுத்து, துணியில் இறுக்கச் சுற்றி, தூங்கியதும் வைத்து எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். கவிழ்த்துப் போட்ட தோணி. குறுக்கே ஓடும் தையல்கள் நெளிநெளியாக, பல் பல்லாகத் தெரிந்தன. நடுவில் மட்டும் கோடே இல்லை, வழவழவென்று இருந்தது. போனில் படமெடுத்து அம்மாவிடம் காட்டினேன். ஊரில் இந்த நெளிவுகளைத்தான் பிரம்மா எழுதிய எழுத்து என்பார்கள், தலையெழுத்து. அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "நடு வரி அழிஞ்சு போச்சேல" என்றாள். பிறகு, "சரி, அதான் டாக்டர் எழுதப் போறாருல்லா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆபரேஷன் எதற்கு, தலை நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சித்தப்பா போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒற்றைத் தையல் மூடிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளை அழுத்தம் ஏறுவதில்லை. சிலருக்கு ஏறும். ஏறினால் பார்வை நரம்பை நசுக்கும். யாருக்கு ஏறும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. உருவமோ வயதோடு சரியாவதில்லை, கூடத்தான் செய்யும்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் வேறு. இரண்டு வழி இருந்தது. குழந்தைக்கு மூன்று மாத வாக்கிலேயே கண்டுபிடித்தால், உச்சியில் இரண்டு சின்னக் கீறல் போட்டு, எண்டோஸ்கோப் விட்டு, மூடிய எலும்பை ஒரு பட்டையாக எடுத்துவிடலாம். பிறகு பல மாதம், ஒரு நாளில் 23 மணி நேரம், அளவெடுத்துச் செய்த ஹெல்மெட் போட்டு மண்டையை வழிநடத்துவார்கள். ரத்தம் அதிகம் போகாது. எங்களுக்குச் சீட்டு, ஸ்கேன், தேதி என்று எல்லாம் கூடிவந்தபோது பையனுக்கு ஐந்து மாதம் தாண்டிவிட்டது. எலும்பு தடித்துவிட்டது, இனி திறந்து செய்வதுதான் சரி என்றார்கள். மும்பை வெயிலில் ஹெல்மெட்டை எப்படிப் போட்டிருப்பான் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அம்மா வரப்பைத் தொட்டுக் காட்டியது இரண்டாவது மாதம். அந்த அட்டையை நான் அவள் முன்னால் நீட்டாமல் இருந்திருந்தால், இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் இடத்திலாவது இருந்திருப்போம்.

2023 பிப்ரவரியில் ஆபரேஷன். ஏழு மாதம், 7.6 கிலோ. குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் என்று கணக்கு. அவன் உடம்பிலிருந்த மொத்த ரத்தத்தையும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றினால் முக்கால்கூட வராது. திறந்து செய்யும்போது ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். பட்டறையிலிருந்து நாலு பேர் வந்து கொடுத்தார்கள், இரண்டு பேர் பிஹார், ஒருவன் உத்தரப் பிரதேசம், ஒருவன் நாகர்கோவில். அவர்கள் கொடுத்தது வங்கியில் சேரும், இவனுக்கு ஏறுவது வேறு யாருடையதோ. அதெல்லாம் அந்த பிஹார்ப் பையனுக்குக் கணக்கே இல்லை. "மேரா பதீஜா", என் அண்ணன் மகன், என்று இன்றும் உரிமை கொண்டாடுகிறான்.

முந்தைய நாள் சர்ஜன் ஒரு தாளில் வரைந்து காட்டினார். காதிலிருந்து காது வரை உச்சி வழியாக வெட்டு, நேராக இல்லை, வளைந்து வளைந்து. ஏன் அப்படி என்று கேட்டேன். நேர்கோடு போட்டால் முடி நனையும்போது வகிடு மாதிரி பிளந்து தெரியும், வளைத்துப் போட்டால் முடி மூடிக்கொள்ளும் என்றார். மூடிய நடு எலும்பை எடுத்த பிறகு, இரண்டு பக்க எலும்புகளிலும் வரிசையாகச் சீவல் சீவலாக வெட்டு கொடுத்து வெளிப்பக்கம் விரித்துவிடுவார்களாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. கழுத்து வளைவில் துணியைத் திருப்பும்போது ஓரத்தில் நாங்களும் சின்னச் சின்னதாகக் கத்தரி கொடுப்போம், அப்போதுதான் சுருங்காமல் விரியும் என்றேன். "அதேதான்" என்று சிரித்தார். விரித்த இடைவெளி என்னாகும் என்று கேட்டேன். ஒரு வயதுக்குள் என்றால் மூளையைப் போர்த்தியிருக்கும் உறையே அந்த இடத்தில் புது எலும்பை உண்டாக்கிவிடும் என்றார். எந்தத் துணிக்கும் இந்தக் குணம் கிடையாது.

நாலரை மணி நேரம். அம்மா நெல்லையப்பர் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. என் மனைவி இரண்டு தரம் எழுந்து போய் வந்தாள். அந்த நேரத்தைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

வீக்கம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இவ்வளவு வரும் என்று மனசு நினைக்கவில்லை. மறுநாள் காலை இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன, முகம் வேறு யாருடையதோ போல ஆனது. கண் தெரியாமல் கையைக் காற்றில் துழாவி அழுதான். நான் பேசினால் ஒரு நிமிஷம் நிற்பான், மறுபடி அழுவான். அவன் அம்மா பால் கொடுத்தால் குடிப்பான், பிறகு அழுவான். மாலையில் ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றபோது என் மனைவி, "அத்தை போகட்டும்" என்றாள். அம்மா கை கழுவிவிட்டு உள்ளே போனாள். தலையைத் தொடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், உள்ளங்காலைப் பிடித்து, குளிப்பாட்டும்போது எண்ணெய் நீவுவது போலவே கட்டைவிரலால் கீழிருந்து மேலே நீவினாள். எண்ணெய் இல்லை, வெறும் கை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அழுகை நின்று தூங்கிப்போனான். மூன்றாம் நாள் ஒரு கண் கீற்றாகத் திறந்தது.

இப்போது அவனுக்கு மூன்று வயது. குறிப்பிட்ட மாதங்களில் போய்க் காட்டுகிறோம். கண்ணில் மருந்து விட்டு நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள், இதுவரை இல்லை. என் அளவு நோட்டில் அவனுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. பதினான்காவது வாரம்: நீளம் 15.4 செ.மீ., அகலம் 10.4. அகலத்தை நீளத்தால் வகுத்தால் 100க்கு 67.5. பொதுவாக 75க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு வயதில் 17.3க்கு 13, அதாவது 75. டேப்பால் எடுத்த அளவில்லை, இரண்டு மூலைமட்டங்களை இருபக்கமும் நிறுத்தி எடுத்தது.

அம்மா இப்போதும், உருட்டி உருட்டி எண்ணெய் தேய்த்தால் தலை உருண்டையாகும் என்றுதான் சொல்கிறாள். இல்லை என்று நானும் சொல்கிறேன். ஆனால் அவள் வந்து தங்கும் மாதங்களில், எங்கள் சந்தில் பிள்ளை பெற்ற பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மடியில் கிடத்தி, உச்சியில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நீவிப் பார்ப்பாள். நான் கேலி செய்வதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று சாயங்காலம், நான் தைத்த கடுகுத் தலையணையைக் காணவில்லை. மல்மல் உறை மட்டும் மோரிக் கம்பியில் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது, நீலப் பைப்பிங்கோடு. அடுப்பில் ரசத்துக்குத் தாளிக்கும் வாசனை. "காசு குடுத்து வாங்கினதுல்லா" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.